மூன்று புள்ளி தூரம்

2023 மார்ச் 2ஆம் தேதி இரவு, ஒஹையோ மாநிலத்தின் யங்ஸ்டவுனில் ஒரு கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டம். ஹொரைசன் லீக் தொடரின் காலிறுதி. வெளியூரிலிருந்து வந்த டெட்ராய்ட் மெர்சி அணியில் ஆன்ட்வான் டேவிஸ் என்று ஒரு கார்டு, அதாவது வெளியிலிருந்து பந்தை நடத்தி ஆடுபவர். அன்று அவர் 26 புள்ளி எடுத்தால், அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் கூடைப்பந்தின் முதல் பிரிவில் 53 வருடமாக அசையாமல் நின்ற ஒரு சாதனையைத் தாண்டிவிடுவார். 25 என்றால் சமன். அந்த சீசனில் ஆட்டத்துக்கு 28 புள்ளிக்கு மேல் சராசரி வைத்திருந்தவர் அவர். நாட்டிலேயே அதுதான் அதிகம். நடந்துவிடும் என்றுதான் நானும் நினைத்தேன்.

அவர் எடுத்தது 22. அணி 71-66 என்று தோற்றது. 14 வெற்றி, 19 தோல்வியோடு சீசன் முடிந்தது. அதற்குப் பிறகு நடக்கும் சிறிய தொடர்களில் ஏதாவது ஒன்று கூப்பிடுமா, இன்னும் ஒரே ஒரு ஆட்டம் கிடைக்குமா என்று சில நாள் பேச்சு ஓடியது. யாரும் கூப்பிடவில்லை. 144 ஆட்டங்களில் 3,664 புள்ளியோடு டேவிஸின் கல்லூரி ஆட்டம் அங்கேயே நின்றுவிட்டது.

மேலே இருந்த எண் 3,667. லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பீட் மராவிச் 1970இல் வைத்துவிட்டுப் போனது.

இடைவெளி மூன்றே மூன்று. டேவிஸ் தன் கல்லூரி நாட்களில் மூன்று புள்ளிக் கோட்டுக்கு (அதற்கு வெளியிலிருந்து போட்டால் இரண்டுக்குப் பதில் மூன்று புள்ளி) வெளியிலிருந்து 588 முறை கூடையில் போட்டவர். முதல் பிரிவில் அவருக்கு முன் யாரும் அத்தனை போட்டதில்லை. 589ஆவதாக ஒன்று விழுந்திருந்தால் மராவிச்சுக்குப் பக்கத்தில் சரிசமமாக நின்றிருப்பார். ஐந்து வருடத்தில் வளையத்தில் பட்டு வெளியே தெறித்த பந்துகளில் ஏதோ ஒன்று.

அந்த வாரம் நான் படித்ததிலும் கேட்டதிலும் பாதிப்பேர் டேவிஸுக்காக வருத்தப்பட்டார்கள். மீதிப்பேருக்கு நிம்மதி. அவர்கள் சொன்ன காரணம் எளிமையானது. மராவிச் ஆடியது மூன்று சீசன், 83 ஆட்டம். டேவிஸ் ஐந்து சீசன், 144 ஆட்டம். கொரோனா நடுவே நடந்த 2020-21 சீசனை, கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. எந்த வீரருடைய தகுதிக் கணக்கிலும் சேர்க்கவில்லை. அதனால் எல்லோருக்கும் ஒரு வருடம் கூடுதலாகக் கிடைத்தது. டேவிஸ் அதைப் பயன்படுத்திக்கொண்டார். அப்புறம், மராவிச் காலத்தில் மூன்று புள்ளிக் கோடே கிடையாது.

எல்லாமே உண்மைதான். ஆனால் இந்த உண்மைகளைக் கல்லாக எடுத்து ஒரு பையன் மேல் எறிவது எனக்குப் பிடிக்கவில்லை. சாதனைப் பட்டியலில் இருக்கிற ஒவ்வொரு எண்ணும் அந்தக் காலத்து விதிகளோடு ஒட்டிப் பிறந்தது. டேவிஸ் விதியை வளைக்கவில்லை. அவருக்கு இருந்த விதியில் ஆடினார், அவ்வளவுதான். 144 ஆட்டத்தில் ஒன்றில்கூட அவர் ஒற்றை இலக்கத்தில் முடித்ததில்லை. எதிரணி ஒவ்வொரு நாளும் அவரை மட்டுமே நிறுத்த வரும் என்று தெரிந்த ஒரு சின்ன அணியில் இருந்துகொண்டு இதைச் செய்திருக்கிறார்.

சரி, மராவிச்சிடம் வருவோம். அவரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எனக்கு நிறுத்த வராது.

மூன்று சீசன்களில் அவருடைய சராசரி 43.8, 44.2, 44.5. மொத்தமாக 44.2. ஒரு நாள் அதிர்ஷ்டத்தில் 44 எடுப்பவர்கள் இருக்கிறார்கள். இவர் மூன்று வருடம், 83 இரவு, சராசரியாக அதையே எடுத்தார். அதில் 28 முறை 50ஐத் தொட்டார் அல்லது தாண்டினார். இவருக்கு முன் சாதனை வைத்திருந்தவர் சின்சினாட்டியின் ஆஸ்கர் ராபர்ட்சன், 2,973 புள்ளி. 1970 ஜனவரி 31 அன்று மிசிசிப்பி பல்கலைக்கழக அணிக்கு எதிராக 53 புள்ளி எடுத்த ஆட்டத்தில் மராவிச் அதைக் கடந்தார். அதற்குப் பிறகும் ஒன்றரை மாதத்துக்கு மேல் சீசன் பாக்கி இருந்தது. அந்த இடைவெளியில் இன்னும் ஏறத்தாழ 700 புள்ளி சேர்த்துவிட்டார்.

அந்த 3,667ஐக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். 3,166 முறை கூடையை நோக்கி எறிந்திருக்கிறார். 1,387 விழுந்திருக்கின்றன. எங்கிருந்து போட்டாலும் இரண்டுதான் என்பதால் அதில் 2,774. மீதி 893ம் ஃப்ரீ த்ரோ, எதிரணி ஃபவுல் செய்தால் தடுப்பவர் இல்லாமல் எறியக் கிடைக்கும் ஒற்றைப் புள்ளி. ஆட்டத்துக்கு 38 ஷாட் என்றால் இன்றைய பயிற்சியாளர் யாரும் அனுமதிக்க மாட்டார். அனுமதித்த பயிற்சியாளர் பிரெஸ் மராவிச், பீட்டின் அப்பா. மகனைக் குழந்தையிலிருந்து பந்தோடு வளர்த்தவர். மகன் தன் கல்லூரிக்கு வர வேண்டும், தன் கண் முன்னால் ஆட வேண்டும் என்று நினைத்தவர். மகனை நம்பிப் பந்தைக் கையில் கொடுத்தார்; மகன் எறிந்தார்.

அதற்கு ஒரு விலையும் இருந்தது. 44.2 சராசரி வைத்த நடு வருடத்தில் அணியின் கணக்கு 13 வெற்றி, 13 தோல்வி. மூன்று வருடத்தில் ஒருமுறைகூட அணி, மார்ச்சில் தேசிய சாம்பியனைத் தேர்ந்தெடுக்கும் என்.சி.ஏ.ஏ. தொடருக்குள் நுழையவில்லை. அந்த மூன்று வருடமும் அவர்களுடைய லீக்கை வென்றது கென்டக்கி. ஆண்கள் முதல் பிரிவின் வரலாற்றிலேயே அதிகப் புள்ளி எடுத்தவர் மார்ச் மாதத்தின் அந்தப் பெரிய மேடையை ஒரு நாள்கூட மிதித்ததில்லை. தனி ஆள் பட்டியலையும் அணிப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு எப்போதும் உறுத்துவது இதுதான்.

மராவிச்சுக்கு எழுதப்படாத ஒரு கணக்கும் இருக்கிறது. அப்போதெல்லாம் முதலாண்டு மாணவர்கள் பிரதான அணியில் ஆட முடியாது. 1972-73 சீசனில்தான் கூடைப்பந்தில் அந்தத் தடை போனது. அதனால் 1966-67இல் அவர் முதலாண்டு அணியில் ஆடினார். 17 ஆட்டம், 741 புள்ளி. பந்து அதே பந்து, வளையம் அதே பத்தடி உயரம். ஆனால் அந்த 741இல் ஒன்றுகூட 3,667க்குள் வராது. அதே தடையால்தான் லூ அல்சிண்டரும், பிற்காலத்தில் கரீம் அப்துல் ஜப்பார் என்று நாம் அறிந்தவர், லாஸ் ஏஞ்சலஸின் கலிபோர்னியா பல்கலைக்கழகமான யு.சி.எல்.ஏ.வில் ஒரு வருடம் வெளியே இருந்தார். 1965இல் அவருடைய முதலாண்டு அணி, தேசிய சாம்பியனாக இருந்த தங்கள் கல்லூரியின் பிரதான அணியையே 75-60 என்று தோற்கடித்தது. அதில் அவர் எடுத்த 31 புள்ளிக்கும் சாதனைப் பட்டியலில் இடமில்லை.

மூன்று புள்ளிக் கோடு இருந்திருந்தால் மராவிச் எத்தனை எடுத்திருப்பார் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறவர்கள் நிறையப் பேர். சராசரி 50ஐத் தாண்டியிருக்கும் என்பார்கள். அந்தக் கணக்கில் எனக்கு ஒப்புதல் இல்லை. கோடு என்பது வந்து சேர்கிற இலவச இணைப்பு மாதிரி கிடையாது. கோடு வந்ததும் தடுப்பவர் நிற்கும் இடம் மாறும், பெரிய ஆள் வெளியே வருவார், உள்ளே இடம் திறக்கும், பாஸ் போகும் திசை மாறும். ஆட்டமே வேறாகிவிடும். 1986-87இல் கல்லூரி ஆட்டங்களில் அந்தக் கோடு 19 அடி 9 அங்குலத்தில் வந்தது. பிறகு இரண்டு முறை பின்னால் தள்ளப்பட்டது. டேவிஸே தன் முதல் வருடத்தை ஒரு கோட்டிலும் மற்ற வருடங்களை அதற்கும் வெளியே தள்ளிய கோட்டிலும் ஆடினார். ஒரே மனிதரின் 588க்குள் இரண்டு தூரங்கள் இருக்கின்றன.

ஷாட் கிளாக்கும் அப்படித்தான். இத்தனை நொடிக்குள் எறிந்தே ஆக வேண்டும் என்ற விதி 1985-86இல்தான் கல்லூரிக்கு வந்தது, முதலில் 45 நொடி. அதற்கு முன் என்ன நடக்கலாம் என்பதற்கு 1973 டிசம்பர் 15 போதும். டென்னசி, டெம்பிள் இரண்டு அணிகளும் ஆடின. ஆளைத் தொடராமல் இடத்தைக் காக்கும் டென்னசியின் சோன் தடுப்பை உடைக்க மனமில்லாமல் டெம்பிள் பந்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றது. முடிவு 11-6. முழு ஆட்டத்தில் இரண்டு அணியும் சேர்ந்து 17 புள்ளி. மராவிச் 44 எடுத்ததும் இதே விதிகளுக்குக் கீழேதான், மூன்று நாலு வருடம் முன்பு.

ஒரே ஆட்டத்தில் அதிகப் புள்ளி யாருக்கு என்று கேட்டால் பதில் இன்னும் சிக்கல். ஒஹையோவில் ரையோ கிராண்ட் என்று ஒரு குட்டிக் கல்லூரி. 1953இல் அங்கே படித்தவர்கள் நூறு பேர்கூட இல்லை. அதில் ஒருவர் 6 அடி 9 அங்குல பீவோ ஃபிரான்சிஸ். அந்த ஜனவரியில் ஒரு ஜூனியர் கல்லூரிக்கு எதிராக 116 புள்ளி எடுத்தார். அணி அந்த சீசனில் ஆடிய 39 ஆட்டத்தையும் வென்றது. பிறகு மேலிடத்தில் ஒரு முடிவு வந்தது: நாலு வருடப் பட்டம் தரும் கல்லூரிகளுக்கு எதிரான ஆட்டங்கள் மட்டுமே கணக்கில் வரும். 116 அழிந்தது.

பீவோ வேறு என்ன செய்திருக்க முடியும்? அவர் செய்தது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். அடுத்த வருடம் அணி ஊர் ஊராகப் போய்ப் பெரிய கல்லூரிகளோடு மோதியது. வேக் ஃபாரஸ்ட், மயாமி போன்ற இடங்களையெல்லாம் வென்றது. 1954 பிப்ரவரி 2 அன்று ஹில்ஸ்டேல் கல்லூரிக்கு எதிராக அவர் 113 எடுத்தார். 38 கூடை, 37 ஃப்ரீ த்ரோ. இந்த முறை யாராலும் அழிக்க முடியவில்லை.

பதினோரு நாள் கழித்து, பிப்ரவரி 13. தெற்குக் கரோலினாவின் கிரீன்வில் நகரில் ஃபர்மன் அணியின் ஃபிராங்க் செல்வி, நியூபெரிக்கு எதிராக 100 எடுத்தார். 41 கூடை, 18 ஃப்ரீ த்ரோ. மகன் கல்லூரியில் ஆடி ஒருமுறைகூடப் பார்த்திராத அவருடைய அம்மா, கென்டக்கியின் கார்பின் ஊரிலிருந்து அன்று வந்து உட்கார்ந்திருந்தார். 98இல் இருந்தபோது நேரம் முடிகிற கணத்தில் ஏறக்குறைய நடுக்கோட்டிலிருந்து செல்வி எறிந்த பந்து உள்ளே போனது. ஆட்டம் 149-95. புள்ளிவிவரப் பக்கத்தில் எத்தனையோ வரிகள் படித்திருக்கிறேன். இந்த ஒரு வரியில் மட்டும் எனக்கு அந்த அம்மாவின் முகம்தான் தெரிகிறது.

ஆனால் அங்கேயும் ஒரு பிரிவுக்கோடு உண்டு. முதல் பிரிவு அணி இன்னொரு முதல் பிரிவு அணியோடு மோதிய ஆட்டங்கள் மட்டும் என்று எடுத்தால், செல்வியின் நூறு தனி வரிக்குப் போய்விடும். அந்த வரிசையில் வெகுநாள் முதலிடத்தில் இருந்ததும் மராவிச்தான்: 1970 பிப்ரவரியில் அலபாமாவுக்கு எதிராக 69. 1991 ஜனவரி 5 அன்று கெவின் பிராட்ஷா 72 எடுத்து அதைத் தாண்டினார். அவருடைய யு.எஸ். இன்டர்நேஷனல் அணி அன்று 46 புள்ளி வித்தியாசத்தில் தோற்றது.

2012இல் மூன்றாம் பிரிவுக் கல்லூரியான கிரினெலில் ஜாக் டெய்லர் 138 எடுத்ததும் நினைவிருக்கலாம். 108 ஷாட், அதில் 71 மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து. முழுக்க முழுக்க அதற்கென்றே திட்டமிட்ட ஆட்டமுறை. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மறுபடி மறுபடி போய்ப் பார்க்கத் தோன்றுவதில்லை.

இப்போது என் பக்கத்திலிருந்து ஒன்று. கல்லூரியில் நான் கூடைப்பந்து ஆடவில்லை. இரண்டு வருடம் ஸ்கோரர் மேஜையில் உட்கார்ந்து ஸ்கோர் ஷீட் எழுதினேன். அந்தத் தாளில் புள்ளிக்கு இடம் உண்டு, ஃபவுலுக்கு இடம் உண்டு, டைம் அவுட்டுக்கு இடம் உண்டு. வேறு எதற்கும் இல்லை. எங்கள் அணியின் சென்டர் எதிரணி எறிகிற பந்தையெல்லாம் காற்றிலேயே தட்டிவிடுவான். ஒரு ஆட்டத்தில் அவனைப் பார்த்தே எதிரணி உள்ளே வரப் பயந்து வெளியிலேயே சுற்றியது. நாங்கள் ஜெயித்தோம். ஆட்டம் முடிந்து தாளைப் பார்த்தால் அவன் பெயருக்கு நேராக 4 புள்ளி, 3 ஃபவுல். அவன் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தண்ணீர் குடிக்கப் போனான். நான் எழுதிய தாள் அவனுக்கு அநியாயம் செய்துவிட்டதாக இன்று வரைக்கும் எனக்கு இருக்கிறது.

என்.சி.ஏ.ஏ. பிளாக்குகளையும் (எறிந்த பந்தைத் தட்டிவிடுவது) ஸ்டீல்களையும் (எதிரணியிடமிருந்து பந்தைப் பறிப்பது) தனி வீரர் கணக்கில் அதிகாரபூர்வமாக எழுதத் தொடங்கியது 1985-86இல். அசிஸ்ட், அதாவது கூடைக்கு வழிசெய்த பாஸ், அதற்கு இரண்டு வருடம் முன்பு. பில் ரஸ்ஸல் சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்துக்காக ஆடி 1955லும் 1956லும் சாம்பியன் பட்டம் வாங்கிக் கொடுத்தார். வளையத்துக்குப் பக்கத்தில் பந்தைத் தடுப்பது என்ற கலையே அவரால்தான் மாறியது என்பார்கள். அவர் எத்தனை தடுத்தார்? பட்டியலில் அந்தப் பெயரே இல்லை. யு.சி.எல்.ஏ.வின் பில் வால்டனும் இல்லை. பிளாக்கில் முதலிடம் மிசிசிப்பி ஸ்டேட்டின் ஜார்விஸ் வர்னாடோ, 564. அவர் அதற்கு முழுத் தகுதி உள்ளவர். ஆனால் அந்தப் பட்டியலைப் பார்க்கும்போதெல்லாம் முதல் வரிக்கு மேலே இருக்கிற வெற்றிடத்தில் என் கண் போய் நிற்கும்.

அணிச் சாதனைகளில் இந்தக் குறை குறைவு. ஜெயித்தார்களா, தோற்றார்களா என்பதற்கு மேஜைக்காரரின் அபிப்பிராயம் தேவையில்லை. ரஸ்ஸலின் சான் பிரான்சிஸ்கோ அணி தொடர்ந்து 60 ஆட்டம் வென்றது. ஜான் வுடன் என்பவரின் பயிற்சியில் யு.சி.எல்.ஏ. அதைத் தாண்டி 88 வரை போனது. அந்த 88ஐ நினைத்தால் நாட்ரடேம் என்ற ஒரே ஊர்தான் திரும்பத் திரும்ப வருகிறது. 1971 ஜனவரியில் அங்கே தோற்ற பிறகுதான் தொடர் ஆரம்பித்தது. 61ஆவது வெற்றி, சாதனையை உடைத்த வெற்றி, அங்கேதான். 1974 ஜனவரி 19 அன்று 70-59 என்று முன்னால் இருந்துவிட்டு, கடைசிச் சில நிமிடங்களில் எதிரணிக்கு 12 புள்ளியை வரிசையாக விட்டுக்கொடுத்து 71-70 என்று தோற்றதும் அதே ஊரில்.

ஆனால் அணிச் சாதனை என்றால் நான் முதலில் சொல்வது லயோலா மேரிமவுன்ட். லாஸ் ஏஞ்சலஸின் சின்னக் கத்தோலிக்கக் கல்லூரி. பால் வெஸ்ட்ஹெட் என்ற பயிற்சியாளர், பந்து கைக்கு வந்ததும் சில நொடிக்குள் எறிந்துவிட வேண்டும், மீதி நேரமெல்லாம் ஓட வேண்டும் என்று அணியைப் பழக்கினார். 1989-90இல் அவர்கள் ஆட்டத்துக்கு 122.4 புள்ளி எடுத்தார்கள். இன்றைக்கு அணிகள் 80ஐத் தாண்டினாலே வேகமான அணி என்கிறோம். பிராட்ஷா 72 எடுத்துத் தோற்றது என்றேனே, அன்று எதிரே நின்றதும் லயோலா மேரிமவுன்ட்தான்: 186-140. அந்த 186ம் சாதனை. அதற்கு இரண்டு வருடம் முன்பு இதே இரண்டு அணிகளும் 181-150 என்று ஆடியிருந்தன. மொத்தம் 331, அதுவும் சாதனை.

அந்த அணியின் உயிர் ஹேங்க் கேதர்ஸ். 1988-89இல் நாட்டிலேயே அதிகப் புள்ளியும் அவர்தான், விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்கும் ரீபவுண்டிலும் முதல் அவர்தான். ஆட்டத்துக்கு 32.7, 13.7. அவரோடு பிலடெல்பியாவில் ஒரே பள்ளியில் ஆடி, ஒன்றாக மேற்கே வந்த நண்பர் போ கிம்பிள். 1990 மார்ச் 4 அன்று லீக் தொடரின் ஆட்டத்தில் கேதர்ஸ் கோர்ட்டிலேயே சரிந்து விழுந்து இறந்தார். அவருக்கு வயது 23. தொடர் அப்படியே நிறுத்தப்பட்டது.

அணி என்.சி.ஏ.ஏ. தொடருக்குப் போனது. முந்தைய வருட சாம்பியன் மிச்சிகனை 149-115 என்று வென்றது. அந்தத் தொடரின் வரலாற்றில் ஒரு அணி எடுத்த அதிகபட்சம் அந்த 149தான். கடைசி எட்டு அணிகளில் ஒன்றாக வந்து நெவாடா லாஸ் வேகஸிடம் தோற்றார்கள்.

கேதர்ஸ் வலது கைக்காரர். ஃப்ரீ த்ரோ சரியாக வராததால் அதை மட்டும் இடது கையால் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கிம்பிளும் வலது கைக்காரர்தான். நண்பன் இறந்த பிறகு நடந்த நாலு ஆட்டங்களிலும் தன் முதல் ஃப்ரீ த்ரோவை அவர் இடது கையால் எறிந்தார். நாலும் உள்ளே போயின.

நாங்கள் எழுதிய ஸ்கோர் ஷீட்டில் ஃப்ரீ த்ரோ விழுந்தால் ஓடும் எண் வரிசையில் ஒரு கரும்புள்ளி வைக்க வேண்டும். எந்தக் கையால் என்று எழுத இடம் கிடையாது. அந்த நாலு ஆட்டத்துக்கும் மேஜையில் யாரோ உட்கார்ந்து எழுதியிருப்பார்கள். பேனாவைத் தாளில் வைத்து, ஒன்று என்று குறித்துவிட்டு, அடுத்த ஷாட்டுக்காகத் தலையை நிமிர்த்தியிருப்பார்கள்.